டக் டக் சத்தம் என்ன சொல்கிறது?

படிக்கும் முன்

நமக்கு வயிற்று வலி வருகிறது. டாக்டரிடம் போகிறோம். அவர் உடனே மருந்து எழுதுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். எப்போது வலிக்கிறது? எந்தப் பக்கம் வலிக்கிறது? சாப்பிட்ட பிறகா, சாப்பிடும் முன்பா? பிறகு தொட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் மருந்து.

காரும் அப்படித்தான். காருக்கு வாய் இல்லை. ஆனால் சத்தம் உண்டு. நடுக்கம் உண்டு. கசிவு உண்டு. அவைதான் காரின் பேச்சு. அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டால் பணம் மிச்சம். சில நேரம் உயிரும் மிச்சம்.

இந்தப் பாடத்தில் ஒரு குடும்பம் வருகிறது. அது கற்பனைக் குடும்பம். ஆனால் அவர்கள் காருக்கு வந்த கோளாறு உண்மையானது. எந்த ஊரிலும், யார் காருக்கும் வரக்கூடியது.

1. செகந்திராபாத்தில் ஒரு வீடு

ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் இரட்டை நகரங்கள். நடுவில் உசேன் சாகர் ஏரி இருக்கிறது. செகந்திராபாத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ரயில்வேயில் வேலை செய்தவர்கள் உண்டு. கடை வைத்தவர்கள் உண்டு. வண்டி ஓட்டுபவர்களும் உண்டு.

அங்கே ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் இருந்தார். கார் அவருடைய சொந்தக் கார். சிறிய கார். பழைய கார். கடன் வாங்கி வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். கார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

அவர் மனைவி மாலையில் எழுத்து வகுப்புக்குப் போகிறார். இப்போது தமிழில் எழுதப் படிக்கத் தெரியும். கணக்கும் போடுவார். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பால் கணக்கு, தவணைக் கணக்கு எல்லாம் அதில்தான்.

மழைக்காலம். சாலையெல்லாம் தண்ணீர். ஒரு நாள் இரவு ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார்.

"யூ டர்ன் போடும்போது வண்டியில டக் டக்குன்னு ஒரு சத்தம் வருது" என்றார்.

"என்ன சத்தங்க அது?"

"சக்கரத்துல கல்லு மாட்டியிருக்கும். தானா போயிடும்."

சத்தம் போகவில்லை. நாளுக்கு நாள் கூடியது. மூன்று வாரம் கழித்து ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனார். அங்கே ஒருவர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். காரைத் தூக்கிப் பார்க்கவில்லை. கீழே குனிந்தும் பார்க்கவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. மகள் படித்துச் சொன்னாள். அம்மா தமிழில் எழுதிக்கொண்டார்.

கியர் பாக்ஸ் வேலை.
டிரைவ் ஷாஃப்ட் இரண்டு.
முன் சக்கர பேரிங் இரண்டு.

மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தார். மூன்று மாதத் தவணைப் பணம்! வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு மனைவி கேட்டார்.

"ஏங்க, நேரா போகும்போது சத்தம் வருதா?"

"இல்லை. திரும்பும்போது மட்டும்தான்."

"எந்தச் சக்கரத்துல வருது?"

"அது தெரியலை."

"அவங்க வண்டியைத் தூக்கிப் பார்த்தாங்களா?"

"பார்க்கலை."

"பார்க்காம எப்படி இவ்வளவு எழுதினாங்க? முதல்ல நாமே கேட்டுப் பார்ப்போம். கேட்டதை எழுதி வைப்போம்."

2. மைதானத்தில் ஒரு சோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு காலி மைதானத்துக்குப் போனார்கள். அங்கே ஆட்கள் இல்லை. மாடுகள் இல்லை. விளையாடும் பிள்ளைகள் இல்லை.

ஓட்டுநர் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். ரேடியோவை நிறுத்தினார். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுவதும் திருப்பினார். மெதுவாக வட்டமாக ஓட்டினார். பிறகு இடது பக்கம் முழுவதும் திருப்பி ஒரு வட்டம். மனைவி தூரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டார். பக்கத்தில் போகவில்லை. ஓடும் வண்டியின் அருகில் நிற்கக் கூடாது.

பிறகு ஓட்டுநர் மட்டும் ஒரு பெரிய சாலையில் போய் வந்தார். மெஹதிப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை ஒரு நீண்ட மேம்பாலம் உண்டு. விமான நிலையம் போகிறவர்கள் அதில் போவார்கள். 2009-இல் திறந்த பாலம் அது. நீளம் 11 கிலோமீட்டருக்கும் மேல். சிக்னல் இல்லை. ஒரே வேகத்தில் போகலாம். அங்கே நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

மனைவி நோட்டில் இப்படி எழுதினார்.

நேராகப் போனால்: சத்தம் இல்லை.
வலது பக்கம் முழுவதும் திருப்பினால்: டக் டக் டக்.
எங்கே கேட்கிறது: இடது முன் சக்கரத்தில்.
இடது பக்கம் திருப்பினால்: சத்தம் இல்லை.
மேடு பள்ளத்தில்: சத்தம் இல்லை.
பிரேக் பிடித்தால்: ஒன்றும் இல்லை.
பாலத்தில் வேகமாகப் போனால்: நடுக்கம் இல்லை. இரைச்சல் இல்லை.

ஏழு வரிகள்தான். ஆனால் பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி? அதற்கு முதலில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் என்ன என்று பார்ப்போம்.

3. என்ஜினிலிருந்து சக்கரம் வரை

என்ஜின் சுழல்கிறது. அந்தச் சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போகிறது. கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு இரும்புத் தண்டு வேண்டும். அந்தத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். நம் மெக்கானிக்குகள் இதை ஆக்சில் என்றும் சொல்வார்கள்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. நம் நாட்டில் இந்த வகைக் காரைப் பரவலாக்கியது மாருதி 800. அதன் முதல் கார் 1983 டிசம்பர் 14-ஆம் நாள் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கார் 2014 வரை தயாரிக்கப்பட்டது.

இந்த வகைக் காரில் முன்னால் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள் உண்டு. இடது சக்கரத்துக்கு ஒன்று. வலது சக்கரத்துக்கு ஒன்று.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. முன் சக்கரம் சுழல வேண்டும். இடது வலது திரும்பவும் வேண்டும். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறவும் வேண்டும். நேரான தண்டு எப்படி வளையும்?

உங்கள் கையைப் பாருங்கள். கை எலும்பு வளையாது. ஆனால் முழங்கை வளைகிறது. மணிக்கட்டு வளைகிறது. மூட்டு இருப்பதால்தான் வளைகிறது. டிரைவ் ஷாஃப்டுக்கும் இரண்டு மூட்டுகள் உண்டு. கியர் பாக்ஸ் பக்கம் ஒன்று. அது உள் மூட்டு. சக்கரத்தின் பக்கம் ஒன்று. அது வெளி மூட்டு.

வெளி மூட்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். அவை பள்ளமான தடங்களில் உருளும். ஒரு கூண்டு அவற்றைப் பிடித்திருக்கும். மூட்டு வளைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும். இதற்கு சி.வி. ஜாயிண்ட் என்று பெயர். சம வேக மூட்டு என்று பொருள்.

உள் மூட்டில் பல கார்களில் மூன்று உருளைகள் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட் கொஞ்சம் நீள வேண்டும், கொஞ்சம் குறுக வேண்டும். அந்த வேலையை உள் மூட்டு செய்கிறது.

இந்த மூட்டு ஒரே நாளில் வந்ததல்ல. பழைய காலத்தில் குறுக்குக் கட்டை வைத்த மூட்டுதான் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதினார். அந்த மூட்டு வளைந்தால் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் வேகம் கூடிக் குறையும். 1920-களில் ஆல்பிரட் ஷெப்பா என்ற பொறியாளர் குண்டு வைத்த சம வேக மூட்டை உருவாக்கினார். 1959-இல் இங்கிலாந்தில் மினி என்ற சிறிய கார் வந்தது. அதில் இந்த வகை மூட்டு இருந்தது. அதன் பிறகு முன் சக்கரம் இழுக்கும் சிறிய கார்கள் உலகமெங்கும் பெருகின.

4. சின்ன ரப்பர், பெரிய வேலை

மூட்டுக்குள் கருப்பு நிற கிரீஸ் இருக்கும். அது மாலிப்டினம் கலந்த கிரீஸ். மூட்டின் மேல் ஒரு ரப்பர் உறை இருக்கும். மடிப்பு மடிப்பாக இருக்கும். இதை பூட் என்பார்கள். இரண்டு முனையிலும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதுதான் கிளாம்பு.

பூட்டின் வேலை இரண்டு. கிரீஸை வெளியே விடாது. தண்ணீரையும் மண்ணையும் உள்ளே விடாது.

ரப்பருக்கும் வயது உண்டு. நாளாக ஆக மடிப்பில் வெடிப்பு விடும். கல் பட்டாலும் கம்பி பட்டாலும் கிழியும். கிளாம்பு தளர்ந்தாலும் கிரீஸ் வெளியேறும்.

பூட் கிழிந்தால் என்ன நடக்கும்? சக்கரம் சுழலும்போது கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். குண்டும் தடமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தேயும். இடைவெளி விழும். அந்த இடைவெளியில் குண்டு தட்டும். அதுதான் டக் டக் சத்தம்.

சத்தம் ஏன் திரும்பும்போது மட்டும் வருகிறது? திரும்பும்போதுதான் வெளி மூட்டு அதிகமாக வளைகிறது. குண்டு தடத்தின் தேய்ந்த ஓரத்துக்குப் போகிறது. நேராகப் போகும்போது அது நடுவில் இருக்கிறது. அதனால் முதலில் சத்தம் வராது.

சத்தம் வந்த பிறகும் ஓட்டினால் ஒரு நாள் மூட்டு உடையும். அப்போது என்ஜின் இரையும். வண்டி நகராது. நடு ரோட்டில் நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சரிவில் கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. உருண்டுவிடும். உடனே ஹேண்ட் பிரேக் போட வேண்டும். சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும்.

5. பெரியவர் நோட்டைப் படிக்கிறார்

பக்கத்துத் தெருவில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். உருது பேசுவார். தெலுங்கு பேசுவார். செகந்திராபாத்தில் பழகியதால் தமிழும் வரும்.

"பாய், கொஞ்சம் இதைக் கேளுங்க" என்று மனைவி நோட்டைப் படித்துக் காட்டினார்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முழுவதும் கேட்டார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் பாய்."

"ரொம்ப நல்லாயிருக்கு. வர்றவங்க எல்லாம் சத்தம் வருதுன்னு மட்டும் சொல்வாங்க. எப்போ, எங்கேன்னு கேட்டா தெரியாது. நீ எல்லாம் எழுதியிருக்கே. சரி, இப்போ கண்ணால பார்ப்போம்."

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பச் சொன்னார். டார்ச் அடித்து சக்கரத்தின் பின்னால் பார்த்தார். இடது சக்கரத்தின் உள் பக்கம் முழுவதும் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தது. மடிப்பை விரலால் விரித்துக் காட்டினார். பூட் பாதி வட்டம் கிழிந்திருந்தது.

"இடது வெளி மூட்டு போயிடுச்சு" என்றார்.

வலது பக்கமும் பார்த்தார். அங்கே பூட்டில் சின்ன வெடிப்புகள் இருந்தன. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை.

"கியர் பாக்ஸ்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"கியர் விழறதுல சிரமம் இருக்கா? கியர் பாக்ஸ்ல இரைச்சல் வருதா?"

"இல்லை பாய்."

"அப்போ அதை எதுக்குத் திறக்கணும்? பேரிங் போனா வேகம் கூடக் கூட ஊன்னு இரைச்சல் வரும். உங்க நோட்டுல இரைச்சல் இல்லைன்னு இருக்கு. சக்கரத்தைத் தூக்கி ஆட்டியும் பார்க்கறேன். ஆட்டம் இல்லைன்னா பேரிங் நல்லாயிருக்கு."

6. எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது?

பாய் சொன்னதை மனைவி நோட்டில் எழுதிக்கொண்டார். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது டக் டக் டக்: வெளி மூட்டு. பெரும்பாலும் வலது பக்கம் திரும்பினால் இடது மூட்டில் சத்தம் கூடும். இடது பக்கம் திரும்பினால் வலது மூட்டில் கூடும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நடுக்கம், காலை எடுத்தால் நடுக்கம் குறைகிறது: உள் மூட்டாக இருக்கலாம்.

வண்டி கிளம்பும்போது ஒரே ஒரு 'டங்': மூட்டில் ஆட்டம் இருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டை போயிருந்தாலும் இப்படி வரும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

வேகம் கூடக் கூட 'ஊ' என்று இரைச்சல்: சக்கர பேரிங்காக இருக்கலாம். டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்தாலும் இரையும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது: முதலில் வீல் பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

மேடு பள்ளத்தில் மட்டும் கடகட: சஸ்பென்ஷன் பாகங்களைப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம்: பிரேக் டிஸ்கைப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் உள் பக்கம் கருப்பு கிரீஸ்: பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் வராவிட்டாலும் உடனே மாற்ற வேண்டும்.

7. ராணிகஞ்சில்

செகந்திராபாத்தில் ராணிகஞ்ச் என்ற இடம் உண்டு. வண்டிச் சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். பாய் இடது ஷாஃப்டைக் கழற்றிய பிறகு, பழைய மூட்டை ஒரு சாக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"இதைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வண்டியோட மாடல், வருஷம் சொல்லுங்க. நீளம் அளந்து பாருங்க. பல்லை எண்ணிப் பாருங்க."

மூட்டின் தண்டில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அந்தப் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் பொருந்தாது. மனைவி சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டார். அங்கிருந்து எண்ணினார். பழையதையும் எண்ணினார். புதியதையும் எண்ணினார். இரண்டும் சரி.

பூட், கிளாம்பு, கிரீஸ் மூன்றும் ஒரே பெட்டியில் வந்தன. பில் வாங்கினார்கள். பில் இருந்தால்தான் பழுதான பொருளை மாற்றிக் கேட்க முடியும்.

8. பாய் எப்படி வேலை செய்தார்?

பாய் செய்ததை வரிசையாகப் பார்ப்போம். இது எல்லா வீட்டிலும் செய்யக்கூடிய வேலை அல்ல. சரியான கருவியும் பழக்கமும் வேண்டும். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நாம் கேள்வி கேட்கலாம்.

ஒன்று. காரைச் சமதரையில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

இரண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்ட் நுனியில் உள்ள பெரிய நட்டைத் தளர்த்தினார். அது மிகவும் இறுக்கமாக இருக்கும். காரைத் தூக்கிய பிறகு அதைத் திருகினால் கார் ஆடி விழலாம்.

மூன்று. ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். உதவிக்கு இருந்த பையன் உடனே காரின் கீழே நுழையப் போனான்.

"நக்கோ!" என்று பாய் கத்தினார். ஹைதராபாத் உருதுவில் நக்கோ என்றால் வேண்டாம் என்று பொருள். பையன் அப்படியே நின்றான்.

"ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். தாங்கறதுக்கு இல்லை. ஜாக்கி வழுக்கினா வண்டி உன் மேலே விழும். சாமான் போனா கடையில வாங்கலாம். உயிரை எந்தக் கடையில வாங்குவே?"

இரும்பு ஸ்டாண்டைக் காரின் உறுதியான இடத்தில் வைத்தார். காரை அதன் மேல் இறக்கினார். ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் கீழே போகச் சொன்னார்.

நான்கு. சக்கரத்தைக் கழற்றினார். கியர் ஆயிலை ஒரு தட்டில் வடித்தார். வடிக்காமல் ஷாஃப்டை இழுத்தால் ஆயில் தரையில் கொட்டும்.

ஐந்து. கீழே உள்ள பால் ஜாயிண்டைப் பிரித்தார். சக்கரம் மாட்டும் பகுதியை வெளியே நகர்த்தினார். ஷாஃப்ட் நுனியை அதிலிருந்து எடுத்தார். உள் முனையைக் கடப்பாரை போன்ற சிறு கம்பியால் நெம்பி எடுத்தார். தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கவில்லை. அப்படி இழுத்தால் உள் மூட்டு பிரிந்துவிடும். கியர் பாக்ஸ் வாயில் இருக்கும் ஆயில் சீலில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டார்.

ஆறு. ஷாஃப்டை வைஸில் பிடித்தார். பழைய பூட்டை அறுத்தார். மூட்டை மண்ணெண்ணெயில் கழுவினார். குண்டுகளையும் தடங்களையும் வெளிச்சத்தில் காட்டினார். தடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தன.

"இதுல புது கிரீஸ் போட்டாலும் சத்தம் போகாது. மூட்டை மாத்தணும். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா பூட் மட்டும் போதும்" என்றார்.

ஓட்டுநர் தலை குனிந்தார். கல் என்று நினைத்து விட்டுவிட்டது அவருக்கு நினைவு வந்தது.

ஏழு. புது மூட்டைப் பொருத்தினார். பெட்டியில் இருந்த கிரீஸ் முழுவதையும் மூட்டுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் போட்டார். வேறு கிரீஸைக் கலக்கவில்லை. பூட்டின் மடிப்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராக வைத்தார். உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட்டார். கிளாம்பை இறுக்கினார்.

சில கார்களில் வெளி மூட்டைத் தண்டிலிருந்து தனியாகக் கழற்ற முடியாது. அந்தக் கார்களில் வெளி பூட்டை மாற்ற, உள் மூட்டைக் கழற்றி அந்த வழியாகப் போட வேண்டும். வெளி மூட்டே போய்விட்டால் தண்டோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

எட்டு. வலது ஷாஃப்டில் மூட்டு நன்றாக இருந்தது. வெடித்த பூட்டை மட்டும் மாற்றினார்.

ஒன்பது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். உள் முனை 'டக்' என்று பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்தார். நுனிக்குப் புது நட்டு போட்டார். காரைத் தரையில் இறக்கிய பிறகு அதை டார்க் ரெஞ்சால் இறுக்கினார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. குறைந்தாலும் ஆபத்து. மிகுந்தாலும் ஆபத்து.

பத்து. கியர் ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றினார். இதை மறந்தால் நல்ல கியர் பாக்ஸும் கெட்டுவிடும்.

மறுபடியும் அதே மைதானம். வலது வட்டம். இடது வட்டம். மனைவி காது கொடுத்துக் கேட்டார். டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

வேலை முடிந்த பிறகு செலவைக் கூட்டினார். ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. கடைசியில் நோட்டில் ஒரு வரி சேர்த்தார். "சத்தம் வந்த அன்றே பார்த்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும்."

9. லாரியிலும் ஜீப்பிலும்

எல்லா வண்டியிலும் முன் சக்கரம் இழுப்பதில்லை. பழைய அம்பாசடர் காரில் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளின. லாரியிலும் பல ஜீப்புகளிலும் அப்படித்தான். இவற்றில் காரின் அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு நீண்ட தண்டு ஓடும். இதற்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். இதன் மூட்டில் சிலுவை வடிவில் ஒரு பாகம் இருக்கும். அதை கிராஸ் என்பார்கள்.

கிராஸ் தேய்ந்தால் கிளட்சை விடும்போது 'டங்' என்று கேட்கும். வேகத்தில் வண்டியின் தரை நடுங்கும். பல லாரிகளில் கிராஸுக்கு கிரீஸ் அடிக்க ஒரு சிறு முனை இருக்கும். அதில் காலத்தோடு கிரீஸ் அடித்தால் கிராஸ் நீண்ட நாள் உழைக்கும்.

இந்தத் தண்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் ஒரு அடையாளக் கோடு போட வேண்டும். மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். மாறி மாட்டினால் புது நடுக்கம் வரும்.

நினைவில் வையுங்கள்

கேள். பார். எழுது. பிறகு கழற்று.
கிரீஸ் தெறித்தால் அன்றே பூட்டைப் பார்.
சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் நான்கு பூட்டுகளையும் பார்க்கச் சொல். உள்ளே இரண்டு. வெளியே இரண்டு.
கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல். அது உன் பொருள்.
ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே போகாதே.

பேசுவோம்

1. அந்த மனைவி கார் ஓட்டத் தெரியாதவர். ஆனாலும் அவரால் எப்படி உதவ முடிந்தது?
2. காரைத் தூக்கிப் பார்க்காமல் எழுதிய சீட்டை ஏன் அப்படியே நம்பக் கூடாது?
3. ஓட்டுநர் செய்த தவறு என்ன?
4. நம் வீட்டில் சைக்கிள், தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் இருக்கலாம். அவை கெடும் முன் என்ன சத்தம் செய்கின்றன?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் சத்தம் போடும் ஒரு இயந்திரத்தைத் தேடுங்கள். எப்போது சத்தம் வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வரவில்லை என்று ஏழு வரி எழுதுங்கள். அதைப் பழுது பார்ப்பவரிடம் படித்துக் காட்டுங்கள்.

புதிய சொற்கள்

டிரைவ் ஷாஃப்ட்: கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு.
சி.வி. ஜாயிண்ட்: வளைந்தாலும் ஒரே வேகத்தில் சுழலும் மூட்டு.
பூட்: மூட்டை மூடும் மடிப்பு ரப்பர் உறை.
கிளாம்பு: பூட்டை இறுக்கும் பட்டை.
பேரிங்: சக்கரம் உராயாமல் சுழல உதவும் பாகம்.
டார்க் ரெஞ்சு: அளவு பார்த்து நட்டை இறுக்கும் கருவி.